குழம்புச் சட்டியில் மஞ்சள், குளிகையில் மஞ்சள்

நாகர்கோவிலில் ஏத்தங்காய் வறுக்கிற கடை முன்னால் பத்து நிமிடம் நின்றால் மஞ்சளைப் பற்றி ஒரு பாடம் கிடைக்கும். பெரிய வாணலியில் தேங்காய் எண்ணெய் காய்ந்து கிடக்கும். தொலி நீக்கிய நேந்திரன் காயைச் சீவுகட்டையில் வைத்து நேராக எண்ணெயிலேயே சீவிவிடுவார் மாஸ்டர். வில்லைகள் மேலே வந்து, சலசலப்பு பாதி அடங்குகிற நேரம் பார்த்து, பக்கத்தில் இருக்கும் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டித் தண்ணீரைக் கோரி எண்ணெயில் வீசுவார். உப்பும் மஞ்சள்பொடியும் கலக்கிய தண்ணீர் அது. எண்ணெய் சீறிக்கொண்டு பொங்கும். அது அடங்கும்போது, வெளுத்துக் கிடந்த வில்லைகள் அத்தனையும் மஞ்சளாகியிருக்கும். கோருவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கிண்ணத்தைக் கலக்கிக்கொள்வார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். “கலக்கலைன்னா மஞ்ச அடியில போயி உக்காந்துக்கும். வெறும் உப்புத் தண்ணிதான் எண்ணெயில போகும்” என்றார்.

மஞ்சளின் நிறமும் மருந்தும் தண்ணீரில் கரைவதில்லை, கொழுப்பில் கரைகின்றன. மஞ்சள் உடம்புக்கு என்ன செய்கிறது என்று அரை நூற்றாண்டாக நடக்கிற ஆராய்ச்சி விவாதம் பெரும்பாலும் இந்த ஒரு குணத்தைச் சுற்றியே வருகிறது. சாப்பிட்ட மஞ்சளில் எவ்வளவு ரத்தத்துக்குப் போகிறது, போகாதது வயிற்றுக்குள் என்ன வேலை பார்க்கிறது, கூடப் போகவைக்க முயன்றால் என்ன ஆகும் என்பவைதான் கேள்விகள். ஆய்வுகளையும் எங்கள் ஊர்ச் சமையலையும் அருகருகே வைத்துப் பார்த்தபின் எனக்குத் தோன்றியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மஞ்சள் நல்ல உணவு. ஓரளவுக்கு வயிற்று மருந்து. அதற்கு மேல் அதன்மேல் ஏற்றிவைக்கிற பெருமைகளில் பெரும்பகுதிக்கு இன்னும் சான்று இல்லை. அதைப் பிழிந்து குளிகையாக்கி விழுங்குவதில் ஆபத்தும் இருக்கிறது.

செடியிலிருந்து தொடங்கலாம். இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த குர்குமா லாங்கா என்ற செடியின் தரையடித் தண்டுதான் நாம் கிழங்கு என்று சொல்லும் மஞ்சள். இதற்கு விதை பிடிக்காது. கிழங்கின் ஒரு துண்டை நட்டுத்தான் அடுத்த செடி வரவேண்டும். அதனால் இன்று எந்தத் தோட்டத்தில் நிற்கும் மஞ்சளும் யாரோ ஒருவர் கையால் நட்டு, தோண்டி, திரும்ப நட்ட தொடர்ச்சிதான். அந்தத் தொடர்ச்சி எவ்வளவு நீளம் என்பதற்கு ஹரியானாவின் பர்மானா அகழாய்வு ஒரு குறிப்புத் தருகிறது. சிந்துவெளிக் காலத்துச் சமையல் பானையில் ஒட்டியிருந்த எச்சத்தில் மஞ்சள், இஞ்சியின் மாவுத்துகள்களை 2010-ஐ ஒட்டி ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட குழம்பு அது.

கடையில் ‘மஞ்சள்’ என்று கேட்டால் கைக்கு வருவது ஒன்றல்ல. கறிக்குப் போடுவது விரலி மஞ்சள். தாய்க்கிழங்கு உருண்டு திரண்டிருந்தால் குண்டு மஞ்சள். முகத்துக்குப் பூசும் கஸ்தூரி மஞ்சள் வேறு இனம். கற்பூரம் கலந்தது போன்ற மணம் கொண்டது, கறிக்கு ஆகாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் கொடியான மரமஞ்சளுக்கும் இஞ்சிக் குடும்பத்துக்கும் உறவே கிடையாது. உள்ளே இருக்கும் மருந்துப்பொருளும் வேறு. மாங்காய் இஞ்சியோ கறி மஞ்சளின் பங்காளி. நாட்டு மருந்துக்கடையில் இவற்றை மாற்றி வாங்கி வந்து, “மஞ்சள் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் மஞ்சள் என்றால் ஈரோடு. 2019 மார்ச்சில் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு அது. பவானிசாகர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பி.எஸ்.ஆர். ரகங்களும் அந்த வட்டாரத்தவையே. ஆனால் எங்கள் குமரி ஜில்லா 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. அதனால் இங்குள்ள பழைய தலைமுறையின் கண்ணுக்கு ‘ஆலப்புழை மஞ்சள்’ உசத்தி. தொடுபுழை, மூவாற்றுப்புழைப் பக்கம் விளைந்து ஆலப்புழைத் துறைமுகம் வழியாகக் கப்பலேறியதால் வந்த பெயர் அது. அந்தத் துறைமுகத்தை உருவாக்கியவராகச் சொல்லப்படும் திவான் ராஜா கேசவதாஸ் விளவங்கோடு வட்டாரத்துக் குன்னத்தூரில் பிறந்தவர் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஆலப்புழை மஞ்சளில் குர்குமின் என்ற நிறப்பொருள் 5 சதவீதத்துக்கு மேலேயே இருக்கும். ஈரோட்டுச் சரக்கில் அது பொதுவாக 2.5 முதல் 4.5 சதவீதம். நிறம் ஆழமாக, ஆரஞ்சு கலந்து இருப்பதால் ஆலப்புழை மஞ்சளைச் சாயத்துக்கும் சாறு எடுப்பதற்கும் வெளிநாட்டுக்காரர்கள் தேடி வாங்கினார்கள். கறிக்கு மணமும் வேண்டும். மணம் குர்குமினில் இல்லை, கிழங்கில் உள்ள எண்ணெயில் இருக்கிறது. சதவீதத்தை மட்டும் பார்த்து மஞ்சள் வாங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

குமரி மாவட்டத்தில் மஞ்சள் பெரிய வணிகப்பயிர் இல்லை. ரப்பரும் தென்னையும் வாழையும் கிராம்பும் நிற்கிற மண்ணில் அது கொல்லைப்பயிர். கிணற்றடியில், தென்னை மூட்டில், ஓலை நிழல் விழுகிற இடத்தில் பத்துப் பதினைந்து மூடு நிற்கும். பொங்கலுக்கு இலையோடு பிடுங்கிப் பானைக் கழுத்தில் கட்டுவார்கள். மிச்சத்தை மாசியில் தோண்டுவார்கள்.

சமையலில் இது எங்கே எப்படிப் போகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மருத்துவக் கேள்விக்கான பதிலின் பாதி அங்கேதான் இருக்கிறது. நாஞ்சில் நாட்டில் மஞ்சள் பெரும்பாலும் தனியாகப் போவதில்லை. தேங்காயோடு சேர்ந்து அம்மியில் ஏறும். அவியலுக்குத் தேங்காய், சீரகம், பச்சைமிளகாய், மஞ்சள் நான்கும் சேர்ந்து ஒரே அரைப்பு. மேலே பச்சைத் தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும். புளிசேரிக்கும் எரிசேரிக்கும் இதே வர்க்கம்தான், அளவுதான் மாறும். மரச்சீனிக்கிழங்கை வேகவைத்து மயக்கும்போது அரைப்பில் மஞ்சள் குறைந்தால் கிழங்கு வெளிறிப்போய் நோயாளி போலத் தெரியும் என்பாள் என் அம்மை. தீயலில் தேங்காயையும் மல்லியையும் கருக்க வறுப்பதால் மஞ்சள் ஒளிந்துகொள்ளும், இருந்தும் போடுவார்கள். கல்யாணப் பந்தியில் முதலில் விழும் பருப்புக்கறியில் அதன் நிறம்தான் இலையின் வெளிச்சம். எதில் போடக்கூடாது என்பதும் இந்தச் சமையலுக்குத் தெரியும்: ஓலனில் ஒரு சிட்டிகை விழுந்தாலும் அது ஓலன் இல்லை. தடியங்காயும் தேங்காய்ப்பாலும் வெள்ளையாகவே இருக்க வேண்டும்.

மீன் குழம்புதான் எனக்கு முக்கியம். சாளையோ அயிலையோ, கழுவும்போதே உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறுவார்கள், கவிச்சி போகும். பிறகு தேங்காய், மல்லி, வத்தல், நல்லமிளகு, மஞ்சள் எல்லாவற்றையும் வெண்ணெய் பதத்துக்கு அரைத்து, புளி கரைத்து ஊற்றி, மண்சட்டியில் கொதிக்கவிட்டு, கடைசியில் தேங்காய் எண்ணெய். இந்தச் சட்டியை ஒரு வேதியியல் ஆசிரியர் கண்ணால் பாருங்கள். மஞ்சள் கரையத் தேங்காய்க் கொழுப்பு இருக்கிறது. அது ரத்தத்தில் ஏறத் துணைபுரியும் நல்லமிளகு இருக்கிறது. புளியின் பங்கு என்ன என்பதை மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது: மஞ்சளைக் கொதிக்கவைத்தால் குர்குமினில் 27 முதல் 53 சதவீதம் வரை அழிகிறது, பிரஷர் குக்கரில் பத்து நிமிடம் வைத்தால் இழப்பு மிக அதிகம், கூடவே புளி இருந்தால் இழப்பு 12 முதல் 30 சதவீதமாகக் குறைகிறது. யாரும் ஆராய்ச்சி செய்து இந்தக் குழம்பைக் கண்டுபிடிக்கவில்லை. ருசிக்காகத்தான் கூட்டினார்கள். ஆனால் ருசி இங்கே உடம்புக்கு அனுகூலமாகவே போயிருக்கிறது.

இலையைப் பற்றி ஒரு வார்த்தை. கொங்கணிக்காரர்கள் மஞ்சள் இலையில் அரிசிமாவும் வெல்லத் தேங்காயும் வைத்து மடித்து அவித்துப் பாத்தோளி செய்கிறார்கள். சுமத்ராவில் ரெண்டாங் இறைச்சியில் இலையை முடிந்து போடுகிறார்கள். கணுப்பொங்கலன்று காக்கைக்குச் சோறு வைக்க மஞ்சள் இலையைப் பரப்பும் வீடுகள் நம்மிடம் உண்டு. ஆனால் கார்த்திகைக் கொழுக்கட்டைக்குத் திரளி இலையைத் தேடி அலைகிற நாங்கள், கொல்லையில் நிற்கும் மஞ்சள் இலையை அவ்வளவாகக் கண்டுகொண்டதில்லை. அந்த மணத்தை நாம் இழந்துகொண்டிருக்கிறோம்.

சடங்கைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆவணி ஞாயிறுகளில் நாகராஜா கோயிலில் நாகர் சிலைகளுக்குப் பாலும் மஞ்சள்பொடியும் சார்த்துவார்கள். மழை ஈரத்தில் கல்லெல்லாம் மஞ்சள் வழிந்து நிற்கும். சுடலைமாடன், இசக்கியம்மன் கோயில்களில் மஞ்சணை பூசுவார்கள். பொண்ணு மாப்பிள்ளைக்கு ஆலம் சுற்றும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் ரத்தச் சிவப்பாகுமே, அது காரம் பட்டதும் குர்குமின் நிறம் மாறுவது. வெள்ளை வேட்டியில் குழம்பு சிந்தினால் சோப்புப் போட்டதும் கறை சிவக்கிறதும் இதே காரணத்தால்தான். அந்த வேட்டியை உச்சி வெயிலில் காயப்போட்டால் கறை தானாக மங்கும், ஏனென்றால் வெளிச்சம் குர்குமினை அழிக்கும். மஞ்சள்பொடியைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு ஜன்னலோரம் வைக்காதீர்கள் என்று சொல்ல இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

இனி மருந்து. சித்த மருத்துவம் இதை அரிசனம், பீதம், காஞ்சனி என்று பல பெயரில் அழைக்கிறது. ஆயுர்வேதத்தில் நெல்லிக்காயோடு மஞ்சள் சேர்ந்தது நீரிழிவுக்கான பழைய கூட்டு. புண்ணில் மஞ்சள் வைப்பதும், தலைநீர்க்கோவைக்கு மஞ்சள் கொம்பைச் சுட்டுப் புகை பிடிப்பதும், பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் நல்லமிளகும் மஞ்சளும் கூட்டிப் பத்தியக் குழம்பு வைப்பதும் எந்த வைத்தியரும் சொல்லாமலே வீடுகளில் நடந்துவந்தவை.

இந்த வீட்டறிவு ஒருமுறை உலக நீதிமன்றம் போன்ற ஓரிடத்தில் ஏற வேண்டியிருந்தது. 1995-இல் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, மஞ்சளைப் புண் ஆற்றப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம், ரகுநாத் மாஷேல்கர் தலைமையில், அதை எதிர்த்தது. ‘எங்கள் பாட்டிக்குத் தெரியும்’ என்று சொன்னால் காப்புரிமை அலுவலகம் ஏற்காது. அச்சில் இருக்க வேண்டும். சமஸ்கிருத நூல்களும், இந்திய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 1953-இல் வந்த கட்டுரையும் உட்பட 32 சான்றுகளைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். 1997-இல் காப்புரிமை ரத்தானது. 2001-இல் தொடங்கிய மரபறிவு மின்னூலகத்துக்கு இந்த வழக்கே முக்கியமான தூண்டுதல். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அந்த வெற்றி, புண்ணுக்கு மஞ்சள் போடும் வழக்கம் பழையது என்று நிரூபித்தது. அது எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்பது வேறு வழக்கு. மேடைப் பேச்சுகளில் இரண்டையும் ஒன்றாகவே குழப்புகிறார்கள்.

அந்த இரண்டாவது வழக்கின் வரலாறு இது. 1815-இல் ஐரோப்பிய வேதியியலாளர்கள் வோகலும் பெல்டியேயும் மஞ்சளிலிருந்து நிறப்பொருளைப் பிரித்துக் குர்குமின் என்று பெயரிட்டார்கள். 1910-இல் அதன் மூலக்கூறு அமைப்பு தெரிந்தது. 1949-இல் அது பாக்டீரியாவைத் தடுப்பதாக ‘நேச்சர்’ இதழில் குறிப்பு வந்தது. 1973-இல் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் ஸ்ரீமலும் தவனும் விலங்குச் சோதனையில் வீக்கத்தைக் குறைப்பதைக் காட்டினார்கள். அதன்பின் வெள்ளம்தான். புற்றுநோய், மூட்டுவலி, மறதி நோய், நீரிழிவு என்று ஆயிரக்கணக்கில் கட்டுரைகள். பெரும்பாலானவை கண்ணாடிக் குழாயிலும் எலியிலும் நடந்தவை.

சிக்கல் அங்கேதான். கிண்ணத்தின் அடியில் போய் உட்காரும் அதே மஞ்சள், குடலிலும் அப்படித்தான். ரத்தத்தில் மிகக் குறைவாகவே ஏறுகிறது. ஏறியதையும் ஈரல் சீக்கிரம் மாற்றி வெளியேற்றிவிடுகிறது. 1998-இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் ஏறும் அளவு 20 மடங்கு கூடியது. மஞ்சளோடு மிளகு சேர்க்கச் சொல்கிற எல்லா வாட்சப் செய்திக்கும் மூலம் இதுதான். ஆனால் அந்தச் சோதனை ஒருசில ஆரோக்கியமானவர்களிடம் நடந்தது. ஏறுவதே மிகக் குறைவாக இருக்கும்போது 20 மடங்கும் பெரிய அளவில்லை.

2017-இல் ‘ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி’ இதழில் ஒரு விரிவான மறுபார்வை வந்தது. குர்குமினை வைத்து 120-க்கு மேற்பட்ட மனிதச் சோதனைகள் நடந்தும், மருந்தில்லாத வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டு, எது எது என்று இருபக்கமும் அறியாமல் மறைத்து நடத்திய சோதனை எதிலும் தெளிவான வெற்றி இல்லை என்றது அது. ஆய்வுக்கூடச் சோதனைகளில் குர்குமின் எதோடும் ஒட்டி ஒளிர்ந்து, இல்லாத பலனை இருப்பதாகக் காட்டிவிடும் என்றும் விளக்கியது. புற்றுநோய்க்கு மஞ்சள் என்று புகழ்பெற்ற பல கட்டுரைகள், படங்களில் கோளாறு கண்டு பின்னாளில் திரும்பப் பெறப்பட்டன. புற்றுநோய் வந்த ஒருவர் மஞ்சளை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது எவ்வளவு பெரிய துயரம் என்பதை எங்கள் தெருவிலேயே பார்த்தவன் நான். அதனால் இதைத் தயங்காமல் எழுதுகிறேன்.

அதற்காக எல்லாம் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. தாய்லாந்து மருத்துவர்கள் பொறுமையாகச் செய்த வேலைகள் இருக்கின்றன. 2014-இல் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரில் ஒரு பாதிக்கு மஞ்சள் சாறு நாளுக்கு 1500 மில்லிகிராம், மறுபாதிக்கு இப்யூபுரோஃபன் 1200 மில்லிகிராம், நான்கு வாரம். வலி இரண்டிலும் ஒரேபோலக் குறைந்தது. வயிற்றுத் தொந்தரவு மஞ்சளில் குறைவு. 2023-இல் அஜீரண வலிக்கு 206 பேரிடம் குர்குமினையும் ஒமிப்ரசோலையும் ஒப்பிட்டபோதும் இரண்டும் சமமாக வந்தன. எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது 1989-இல் வந்த பழைய சோதனை. அதில் சாறு கிடையாது, குர்குமின் பிரித்தெடுக்கவில்லை. வெறும் மஞ்சள்பொடி, நாளுக்கு 2 கிராம். அஜீரணக்காரர்களில் 87 சதவீதத்தினருக்குக் குணம் தெரிந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 53 சதவீதம். ரத்தத்தில் ஏறாத மஞ்சள் குடலில் இருந்தபடியே வேலை பார்த்திருக்கலாம் என்று இதை வைத்து நினைக்கிறேன். 2 கிராம் என்பது நம் சமையலறை எட்டுகிற அளவு.

அளவைக் கணக்கிட்டே பார்ப்போம். தலைதட்டிய ஒரு தேக்கரண்டி மஞ்சள்பொடி ஏறக்குறைய 3 கிராம். அதில் 3 சதவீதம் குர்குமின் என்றால் 90 மில்லிகிராம். நாலுபேர் வீட்டில் ஒரு குழம்புக்கு அரைத் தேக்கரண்டி போட்டால் ஆளுக்குப் பதினொரு மில்லிகிராம் சேரும். கொதியில் கொஞ்சம் போகும். சோதனைகளில் கொடுப்பதோ 1000, 1500, 2000 மில்லிகிராம். ஆகவே குளிகையில் கண்ட பலனைச் சொல்லிக் குழம்பை விற்பதும், குழம்பின் நூற்றாண்டுப் பாதுகாப்பைச் சொல்லிக் குளிகையை விற்பதும் இரண்டுமே தப்பு. அவை வேறு வேறு பொருள்கள். உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு குர்குமினுக்கு வைத்த தினசரி எல்லை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம். அறுபது கிலோ ஆளுக்கு 180. எந்த அவியலும் அந்த எல்லையை எட்டாது. ஒரே ஒரு குளிகை தாண்டிவிடும்.

தாண்டினால் என்ன ஆகும்? மருந்தால் ஈரல் கெடுவதை ஆராயும் அமெரிக்கக் குழு, 2011-க்கும் 2022-க்கும் இடையே மஞ்சள் குளிகையால் ஈரல் பாதிப்படைந்த 10 பேரை விவரித்தது. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். பத்தில் ஏழு பேரிடம் ஒரே மரபுக்கூறு இருந்தது. சிலர் எடுத்ததில் மிளகுச் சாறும் கலந்திருந்தது. இத்தாலி 2019-இலும் ஆஸ்திரேலியா 2023-இலும் எச்சரிக்கை விட்டன. ஈரல் இயல்பாக வெளியே தள்ளுவதை மிளகுச் சாறு தள்ளவிடாமல் பிடித்து வைத்தால் அந்தச் சுமையும் ஈரல் மேல்தான் விழும். பைப்பரின் மஞ்சளை மட்டுமா ஏற்றுகிறது? நாம் சாப்பிடும் மற்ற மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் கூட்டக்கூடும்.

என் அத்தைக்கு இதய வால்வு அறுவைச் சிகிச்சை ஆனது; ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாள். முட்டுவலிக்கு என்று யாரோ சொல்லி, போனில் ஆர்டர் போட்டு மஞ்சள் குளிகை வரவழைத்தாள். ஒரு மாதத்தில் பல் தேய்த்தால் ஈறில் ரத்தம், கையில் நீலநீலமாகக் கன்றல். ரத்தச் சோதனையில் உறையும் அளவு தாறுமாறாக இருந்தது. வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் மூன்று முறை கேட்டும் ஒன்றுமில்லை என்றே சொன்னாள். வீட்டுக்கு வந்து நான் டப்பாவைக் காட்டிக் கேட்டபோது, “மஞ்சள்தானே மக்களே, தெனமும் கறியில போடுற சாதனம்தானே, அதப் போயி மருந்துன்னு சொல்லுவாங்களா?” என்றாள். அவள்மேல் குற்றமில்லை. நிறுத்திய பிறகு அளவு பழையபடி வந்தது. பித்தப்பையில் கல் உள்ளவர்களும் குளிகையைத் தொடக்கூடாது, ஏனெனில் குர்குமின் பித்தப்பையைச் சுருங்கவைக்கும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மஞ்சளில் ஆக்சலேட் அதிகம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியில் மஞ்சள் வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். அந்த இடம் சுத்தமாக, உலர்ந்து கிடந்தால் போதும்.

இவ்வளவு சொன்ன பிறகும், இன்று நம் ஊர்ச் சமையலறைக்கு மஞ்சளால் வரக்கூடிய பெரிய ஆபத்து குளிகை அல்ல என்று நினைக்கிறேன். பொடியில் கலக்கும் ஈயம்தான். ஈய குரோமேட் என்ற சாயம் அச்சு அசல் மஞ்சள் நிறம். நிறம் கெட்ட கிழங்கை மெருகேற்றும்போது ஒரு பிடி போட்டால் பளபளத்துவிடும். வங்காளதேசத்தில் 1980-களின் வெள்ளத்தில் நனைந்து கறுத்த மஞ்சளை விற்கத்தான் இது பரவியது என்று அங்குள்ள ஆலைக்காரர்களே ஆய்வாளர்களிடம் சொன்னார்கள். குழந்தையின் ரத்தத்தில் ஏறிய ஈயம் அதன் மூளை வளர்ச்சியைக் குறைக்கும். அந்தச் சேதத்தைத் திருப்பி எடுக்க வழியில்லை. 2020 டிசம்பர் தொடங்கி இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் நான்கிலும் 23 நகரங்களில் 356 மாதிரிகளைச் சோதித்த ஆய்வில், 14 சதவீதத்தில் ஈயம் ஒரு கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. பாட்னா, கராச்சி, பெஷாவர் மாதிரிகளில் சில 1000-ஐயும் தாண்டின. நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பது 10.

இதை நிறுத்த முடியும் என்பதையும் வங்காளதேசமே காட்டியது. 2019-இல் ஆய்வு முடிவு வெளிவந்ததும் அரசு மொத்தச் சந்தையில் சோதனை போட்டு, தண்டித்து, வீதிவீதியாக அறிவிப்பு ஒட்டியது. ஈயம் கலந்த மாதிரிகள் 47 சதவீதத்திலிருந்து 2021-இல் பூச்சியத்துக்கு வந்தன. நமக்கும் ஆய்வுக்கூடமும் சட்டமும் இருக்கின்றன. சந்தைக்குச் சந்தை போய் மாதிரி எடுப்பதுதான் குறைகிறது. வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான்: ஒரு குவளைத் தண்ணீரில் பொடியைத் தூவிக் கலக்காமல் வைத்தால், நல்ல பொடி அடியில் இறங்கி மேல்தண்ணீர் லேசாகவே மஞ்சளிக்கும், சாயம் கலந்தது தண்ணீரையே அடர் மஞ்சளாக்கும். ஈயத்தை இந்தச் சோதனை உறுதியாகப் பிடிக்காது. சந்தேகம் இருந்தால், கண்ணைப் பறிக்கும் மெருகுள்ள கொம்பை விட்டு, தொலி மங்கலாகச் சொரசொரத்த கொம்பை வாங்கி மில்லில் கொடுத்துப் பொடிப்பதே நல்லது.

மஞ்சளுக்கு ஏங்குவது என்ன என்பதை அண்டை நாடு பார்த்தது. இலங்கை 2019 டிசம்பரில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியபோது அங்கே விலை பல மடங்கு ஏறியது. ராமேஸ்வரம், தூத்துக்குடிக் கரைகளிலிருந்து படகில் மூட்டை மூட்டையாகக் கடத்தப்பட்ட மஞ்சள் பிடிபட்ட செய்திகள் வாரந்தோறும் வந்தன. தங்கம் கடத்திய பாதையில் மஞ்சள் போனது. உலக மஞ்சளில் முக்கால் பங்குக்கு மேல் விளைவிக்கும் நாடு இந்தியா, 2022-23-இல் 3.24 லட்சம் ஹெக்டேரில் 11.61 லட்சம் டன். அவ்வளவு விளைகிற நாட்டில் இருந்துகொண்டு நல்ல மஞ்சளுக்கு நாமும் ஏங்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் மாசி பிறந்ததும் அம்மை மஞ்சள் தோண்டுவாள். மண்ணைக் கழுவி, விரலைத் தாயிலிருந்து ஒடித்துப் பிரித்து, அண்டாவில் மூழ்கத் தண்ணீர் ஊற்றி அடுப்பேற்றுவாள். முக்கால் மணி நேரம் போனால் நுரை கட்டி, வெண்ணிற ஆவி கிளம்பி, தெருமுனை வரை அந்த வாசம் வரும். ஒரு ஈர்க்கை எடுத்துக் குத்திப் பார்ப்பாள். தடையில்லாமல் இறங்கினால் வெந்தது. வேகவைத்தால்தான் நிறம் எங்கும் ஒரேபோலப் பரவும், சீக்கிரம் காயும். பிறகு மொட்டைமாடியில் பன்னிரண்டு பதினைந்து நாள். ஒடித்தால் ‘டக்’ என்று சத்தம் வர வேண்டும். அஞ்சு கிலோ பச்சைக்கு ஒரு கிலோ காய்ந்தது கிடைக்கும்.

நாளுக்கு மூன்று கறி, கறிக்கு அரைத் தேக்கரண்டி என்று வைத்தால் நாலுபேர் வீட்டுக்கு வருஷத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் பொடி போதும். பச்சையாக எட்டு கிலோ. மூட்டுக்கு நானூறு கிராம் விளைந்தாலும் இருபது மூடு. ரெண்டு தென்னைக்கு நடுவில் அடங்கும். இடமில்லாதவர்களுக்கு மாடியில் பத்துப் பை. சித்திரைக் கோடைமழை ஒன்று விழுந்ததும் நட்டால், இடவப்பாதியும் ஐப்பசி மழையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அம்மை இறந்து நாலு வருஷமாகிறது. அவள் அரிசிப் பானைக்குப் பின்னால் மணலில் புதைத்து வைத்திருந்த விதைக்கிழங்கிலிருந்து வந்த மூடுதான் இப்போது கிணற்றடியில் நிற்கிறது. போன சித்திரையில் அதிலிருந்து ஒடித்த துண்டுகளை எங்கள் தெருவில் ஏழு வீட்டுக்குக் கொடுத்தேன். அத்தை வீட்டுக்கு முதலில்.